பழைய துணியில் தைக்கிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். புதுத் துணி வாங்குவதைக் குறைத்துவிட்டு, பழைய விரிப்புகளையும் பெரிய சட்டைகளையும் பிரித்துத்தான் என் உடைகளைத் தைக்கிறேன். போன மாதம் பருத்தி விரிப்பில் தைத்த பைஜாமா, உட்கார்ந்ததும் பின்பக்கம் கிழிந்துவிட்டது (நல்லவேளை, வீட்டில்தான் இருந்தேன்). தையல் பிரியவில்லை, தையலை ஒட்டித் துணியே போய்விட்டது. நைந்த துணியைப் பாலியஸ்டர் நூல் அறுத்துவிடுமோ என்ற சந்தேகத்தில் பருத்தி நூலுக்கு மாறலாம் என்று பார்த்தால், இழுபடும் பனியன் துணியில் அது பட்டென்று அறுந்துபோகிறது. இரண்டுக்கும் தனித்தனி நூல் வைத்திருக்கிறீர்களா?

வெட்டும் முன் துணி தாங்குமா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழை மெலிந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து ஒதுக்குகிறேன், அது போதவில்லை.

அப்புறம் இந்த மிச்சத் துண்டுகள். எல்லாவற்றையும் செவ்வகமாக வெட்டினால் வீணாவது குறைகிறது, ஆனால் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது. அங்கே சதுரத் துண்டு வைத்துத் தைத்தவர்கள் அளவு சொல்லுங்களேன். உள்ளங்கையைவிடச் சின்னத் துண்டுகளைத் தலையணைக்குள் அடைத்தேன், கல் மாதிரி ஆகிவிட்டது. பொடியாக நறுக்கி அடைத்தால் சரியாகுமா?