‘ப்ரீ-எமர்ஜென்ஸ்’ களைக்கொல்லி: கரும்புத் துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

கரும்பு அலுவலர், கடலூர் மாவட்டம்:
நண்பர்களே, முன்பட்ட நடவுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கரணை (விதைக்கான கரும்புத் துண்டு) நட்ட 3-ஆம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே களை வெளியே வருமுன், அட்ரசின் என்ற ‘ப்ரீ-எமர்ஜென்ஸ்’ களைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும். பழைய அறிக்கையில் “முளைப்பதற்கு முன்” என்று மட்டும் இருந்தது. எது முளைப்பதற்கு? கரும்பு என்று எடுத்துக்கொண்ட சிலர் இரண்டு வாரம் கழித்துத் தெளித்தார்கள். அதற்குள் புல் மண்டிவிட்டது, மருந்துச் செலவு வீண். ‘ப்ரீ-எமர்ஜென்ஸ்’ என்பதற்கு ஒரு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
‘முளைமுன் களைக்கொல்லி’ போதும். ‘முன்முளை’ என்று திருப்பினாலும் தவறில்லை. இல்முன் என்பதுதானே ‘முன்றில்’ ஆனது? தொல்காப்பியமே அதற்கு விதி சொல்கிறது. இன்னொன்று: இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று சொல்லி ‘களைகொல்லி’ என எழுதுவோர் உண்டு. ஒற்று இல்லாவிட்டால் ‘களை’ வினையடியாகி, வினைத்தொகையாகப் படிக்க இடமாகிவிடும். என் விருப்பத்தைக் கேட்டால் ‘கொல்லி’யே வேண்டாம். “பைங்கூழ் களைகட் டதனொடு நேர்” என்றார் வள்ளுவர்; களைகட்டல் என்றால் களை பறித்தல். ‘முன்களைகட்டி’ என்போம்.

வேளாண் ஆய்வு மாணவி, கோவை:
ஐயா, ‘களைகட்டியது’ என்றால் இன்று எல்லாரும் திருவிழாவைத்தான் நினைப்பார்கள். என் தடை அதைவிடப் பெரியது. முளைத்தல் மண்ணுக்குள் விதை செய்வது. எமர்ஜென்ஸ் என்பது குருத்து மண்ணைக் கீறி வெளியே வருவது. அட்ரசின் விதை முளைப்பதைத் தடுப்பதில்லை. முளைத்த களையின் வேர் அதை உறிஞ்சுகிறது. இலையில் ஒளிச்சேர்க்கை நின்றுபோய்ச் செடி சாகிறது. தெளித்த பிறகும் பச்சை தெரிகிறதே, மருந்து போலியா என்று விவசாயி கேட்பது இதனால்தான். ‘முளைமுன்’ அந்தக் குழப்பத்தை வளர்க்கும். ‘தலைகாட்டுமுன்’ சரியாக இருக்கும்.

தமிழாசிரியர்:
அம்மா, விளக்கம் அருமை. ஆனால் தலைகாட்டுதல் பேச்சுத் தொடர். கலைச்சொல்லுக்குச் செறிவு வேண்டும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், ஈரோடு:
கரும்பின் வேரில் ஒட்டி உறிஞ்சும் களைக்குச் ‘சுடுமல்லி’ என்று பெயர். அதை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. அதைவிடச் செறிவான சொல் உண்டா? எங்கள் பக்கம் ‘மண்ணுல அடிக்கிற மருந்து’, ‘புல்லு மேல அடிக்கிற மருந்து’ என்றுதான் பிரிப்பார்கள். தெளிப்பவருக்கு அந்தப் பிரிவுதான் தேவை.

தமிழாசிரியர்:
கொல்வதை மருந்து என்பதை நான் ஏற்க மாட்டேன். நஞ்சை நஞ்சு என்றே சொன்னால்தான் கையுறை போடுவார்கள்.

கரும்பு அலுவலர்:
சரி, நாளை அச்சு. ‘களை முளைக்குமுன் தெளிக்கும் களைக்கொல்லி’ என்றே போடுகிறேன். ‘களை’யை எங்கும் விடமாட்டேன். கீழே “நட்ட 3-ஆம் நாள், ஈர மண்ணில், பச்சை தெரிந்தால் பயம் வேண்டாம், காயும்” என்று ஒரு வரி. கோரைக்கிழங்கு இதற்கு மடியாது என்பதும் உண்டு. பிறகு டூ-ஃபோர்-டி (2,4-டி) என்ற களைக்கொல்லி தெளிப்போருக்கு, பக்கத்து வயலில் பருத்தியோ வெண்டையோ இருந்தால் வேண்டாம் என்பது தடித்த எழுத்தில்.

ஆய்வு மாணவி:
துண்டறிக்கைக்கு ஒப்புக்கொள்கிறேன். பாடநூலுக்கு ஒப்பவில்லை. ‘முளைத்தல்’ இரண்டு வேலை செய்யக்கூடாது. என் ஆய்வேட்டில் ‘தலைகாட்டுமுன்’ என்றே எழுதுவேன்.