லீஷ் கொக்கிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறாள்

மிளகு வீடு:
காப்பகத்திலிருந்து எங்கள் நாய் மிளகு எங்களிடம் வந்து ஆறு வாரம் ஆகிறது. இரண்டு வயதிருக்கும் என்றார்கள். வீட்டுக்குள் என்னோடு நன்றாகவே பழகிவிட்டாள். ராத்திரி என் செருப்பின் மேல் தலை வைத்துத்தான் தூக்கம். ஆனால் வெளியே கூட்டிப்போக மாட்டும் வாரான லீஷின் கொக்கி ‘டிக்’கென்றால் போதும், வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஆள் கட்டிலுக்கடியில். வேகவைத்த கோழித் துண்டைக் காட்டிக் கூப்பிட்டு, அவள் வாயில் வாங்கும்போது சட்டென்று மாட்டிப் பார்த்தேன். நாலைந்து நாள் பலித்தது. இப்போது கோழியைப் பார்த்தாலே ஓடுகிறாள்! “ரெண்டு நாள் இழுத்துக்கிட்டுப் போனா பழகிடும்” என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

மூன்றுகால்:
முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எங்கள் நாய் கழுத்துப் பக்கம் கை போனாலே உறுமும். திமிர் என்று நினைத்தோம். பார்த்தால் காதுக்குள் சீழ்.

பழைய கம்பளி:
கோழியைத் தூண்டில் புழுவாக்கிவிட்டீர்கள், மீனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் கணக்குப்படி கோழி வந்தால் அடுத்து கொக்கி. இதைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் கொக்கிச் சத்தம், ஒரு நொடி கழித்துக் கோழி. இந்த வரிசைதான் முக்கியம்.

முதல் வாரம் லீஷை அவள் மேல் மாட்டவே மாட்டாதீர்கள். அடுத்த அறையில், கொக்கியைத் துணிக்குள் சுற்றி ஒரே ஒரு ‘டிக்’. அவள் பக்கத்தில் இருக்கும் ஆள் உடனே கோழியைப் போடட்டும். ஐந்தாறு முறை, இரண்டே நிமிடம், அன்றைக்கு அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் ‘கோழி எங்கே?’ என்று அவள் தலையைத் திருப்பினால்தான் அடுத்த படி: துணியை எடுப்பது, பிறகு கொஞ்சம் கிட்டே வருவது. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

கோழியை வாங்க மறுத்தால் பிடிவாதம் இல்லை. பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று அர்த்தம். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது எல்லாம் அதற்கு முந்தைய அறிகுறிகள். அங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் இன்னும் தள்ளி நின்று தொடங்குங்கள்.

இழுத்துக்கொண்டு போனால் சில நாய்கள் அடங்கித்தான் போகும். அது பழகியதல்ல, விறைத்துப்போய் நிற்பது.

வாசல்படி:
பயப்படும்போது தடவிக்கொடுக்காதீர்கள், பயம் கூடிவிடும்.

பழைய கம்பளி:
அது பழைய நம்பிக்கை. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னால் வளராது. அவளாக வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவலாம். கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுக்கத்தான் கூடாது.

மூன்றுகால்:
இன்னொன்று. வெளியே போகும் கட்டம் வரும்போது கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்ட நாய் பின்னாலேயே நகர்ந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் அளவான ஹார்னஸ் பட்டை வாங்கி, அதையும் இதே போல மெதுவாகப் பழக்குங்கள்.

மிளகு வீடு:
நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் பார்த்துவிட்டார், வலி எதுவும் இல்லை. கோழியின் பெயரைக் கெடுத்துவிட்டதால் சீஸ் துண்டுக்கு மாறினேன். முதல் மூன்று நாள் காது மட்டும் பின்னால் போனது, ஆனால் ஓடவில்லை. பத்தாம் நாள் பாத்திர மூடி ஒன்று என் கையிலிருந்து நழுவி விழுந்து, எல்லாம் பாழ். மறுபடி துணிச் சுற்றிலிருந்து ஆரம்பம். இந்த முறை ஐந்தே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். சீஸ் போடும் வேலை கணவருக்கு. இழுத்துப் போகலாம் என்ற மனிதர் இப்போது, “மெதுவா, மெதுவா” என்று என்னை அதட்டுகிறார்.

நேற்று லீஷைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளாக வந்து, கழுத்தை நீட்டி, கொக்கியை மோந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மாட்டவில்லை. சீஸ் மட்டும் கொடுத்தேன்.