ஆடன்ஸ் கோல்: ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும்

கங்கோத்ரிக்கு மேலே, ஜோகின்-1 (6465 மீ), கங்கோத்ரி-3 (6577 மீ) என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவே பள்ளமாக உள்ள கணவாய்தான் ஆடன்ஸ் கோல். உயரம் சுமார் 5490 மீட்டர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ஜான் பிக்னெல் ஆடன் 1939-ல் கடந்ததால் அவர் பெயர். வடக்கே ருத்ரகைரா பமக், தெற்கே கத்லிங் பமக். உத்தரகாண்டின் இந்தக் கட்வால் பகுதியில் பனியாற்றுக்குப் பமக் என்றுதான் பெயர், வழிகாட்டிகள் பேசுவது புரிய அந்தச் சொல் வேண்டும்.

வழி இதுதான்: கங்கோத்ரியிலிருந்து ருத்ரகைரா ஓடையை ஒட்டி ஏறி நாலா முகாம் (சுமார் 3700 மீ), ருத்ரகைரா அடிமுகாம் (4350), கங்கோத்ரி-1 அடிமுகாம் (4600), கணவாயின் காலடி (5000-ஐ ஒட்டி), மறுநாள் கடப்பது. பிறகு கத்லிங் மேல் ஒன்றிரண்டு இரவு, பிலங்கனா பள்ளத்தாக்கு, கங்கி கிராமம், நடை முடியும் ஊரான குட்டு. நண்பர்களோடு போகிறவர்கள் பத்து நாள் கணக்கு வைத்து, அதற்கு மேல் இரண்டு நாள் உணவு தூக்குங்கள். கங்கோத்ரி தேசியப் பூங்கா அனுமதியை உத்தரகாசியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ஏறும் பக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது நீளமான, மூச்சு வாங்கும் நடை, அவ்வளவே. குழுக்கள் சிக்குவது இறங்கும் பக்கத்தில்.

———

மேலே வழியை எழுதிய அண்ணா சொன்னது சரி, இறங்கும் பக்கம்தான் சிக்கல். பருவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மே கடைசி, ஜூன் என்றால் பனி நிறைய இருக்கும். பனியாற்றின் ஆழமான பிளவுகள் மூடியிருக்கும், இறக்கத்தில் கால் பதியும், ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் முழங்கால் வரை புதையும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை வானம் தெளிவு. ஆனால் பிளவுகளை மேலே மூடி நிற்கும் பனிப்பாலங்கள் மெலிந்திருக்கும், இறக்கத்தில் பனி உருகி வெறும் ஐஸ் தெரியும். ஜூனுக்கு இரண்டு 50 மீட்டர் கயிறு போதும் என்றால் செப்டம்பருக்கு மூன்று வேண்டும், ஐஸில் திருகிப் பதிக்கும் ஐஸ் ஸ்க்ரூவும் கூடுதலாக. எந்த மாதமானாலும் இரவு இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் இரவில் உறைந்த பாலங்கள் தாங்கும்.

ருத்ரகைரா ஓடையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். பகலில் பனி உருகிய நீர் மாலையில் வந்து சேரும். காலை ஆறு மணிக்கு முழங்கால் ஆழம் இருக்கிற இடம் மாலை நாலு மணிக்கு இடுப்பைத் தொடும். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை நீருக்கடியில் அமுக்கும்.

———

தம்பி, பருவத்தை நீ எழுதிவிட்டாய், உடம்பு விஷயத்தை நான் எழுதிவிடுகிறேன். தொட்டபெட்டா 2637 மீட்டர். நடை தொடங்கும் கங்கோத்ரியே அதைவிட 400 மீட்டருக்கு மேல் உயரம். சென்னையிலிருந்து வந்து மறுநாளே ஏறக்கூடாது. கங்கோத்ரியில் இரண்டு இரவு, ருத்ரகைரா அடிமுகாமில் இரண்டு இரவு. 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். இந்த வழியில் நாலா முகாமுக்கும் அடிமுகாமுக்கும் அந்த அளவு மீறுகிறது, அந்தந்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ கூடுதல் இரவு வைப்பது அதனால்தான்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைட் மாத்திரை எடுப்பவர்கள் வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலைவலி இருக்கும்வரை மேலே போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்க முடியாமல் தள்ளாடினாலோ அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்ப்பது. அன்றே, இருட்டானாலும், கீழே.

இதை முடிவு செய்யும் கடைசி இடம் கணவாயின் காலடி முகாம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கலாம். கணவாயைத் தாண்டிவிட்டால் அப்படி இல்லை. எதிர்ப்பக்க முகாமும் ஏறக்குறைய அதே உயரம், நடுவில் பிளவுகள், நோயாளியைச் சுமந்து போக வழியே இல்லை. "கொஞ்சம் பரவாயில்லை, தாண்டிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டும். நண்பர்கள் என்பதாலேயே இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கங்கோத்ரியிலேயே பேசி முடிவு செய்துவிட்டு ஏறுங்கள்.

சமையலுக்குக் குக்கர் அவசியம். 5000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் வேகாது. சாதாரண பியூட்டேன் டின் கடுங்குளிரில் சரியாக ஆவியாகாமல் அணைந்துபோகும், அதனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் நம்பகமானது. பனியை உருக்கும்போது முதலில் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் பனியைப் போட்டால் பாத்திரம் தீய்ந்து அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது.

———

பனியாற்றில் கயிற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டவர்களுக்கு. கத்லிங் மேல் கால் வைக்கும் முன்பே எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு 50 மீட்டர் கயிற்றில் நாலு பேர். ஆளுக்கு ஆள் 10 மீட்டர் வீதம் 30 மீட்டர் போய்விடும். மிச்சம் 20-ஐ முதல் ஆளும் கடைசி ஆளும் பத்துப் பத்தாகத் தோளில் சுற்றிக்கொள்ள வேண்டும், விழுந்தவரைத் தூக்கும் கயிறு அதுதான். நடுக்கயிறு பனியை லேசாக உரசுகிற அளவு இறுக்கம். பலர் செய்யும் தவறு, தொங்கும் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடிப்பது. முன்னால் போகிறவர் விழுந்தால் அந்தச் சுருள் முழுக்க அவிழ்ந்த பிறகுதான் இழுப்பு வரும், அதற்குள் அடுத்தவரும் கவிழ்ந்திருப்பார்.

பனிப்பாலத்தைக் கண்ணால் அடையாளம் காணலாம். தாழ்வான வெயிலில் சுற்றியுள்ள வெண்மையைவிடச் சற்று மங்கலான ஒரு பட்டை, நடுவில் லேசான குழிவு. ஐஸ் ஆக்ஸின் (பனிக்கோடரி) தண்டைச் செங்குத்தாகச் செலுத்துங்கள். ஒரே சீரான எதிர்ப்போடு இறங்கினால் நல்லது. சட்டென்று வெறுமைக்குள் போனால் கீழே ஒன்றும் இல்லை. பிளவுக்குக் குறுக்காக நேரே நடந்துதான் கடக்க வேண்டும். பிளவின் நீளவாக்கிலேயே வரிசை போனால் ஒரே பாலத்தின் மேல் நாலு பேரும் நிற்பீர்கள்.

கணவாயிலிருந்து இறங்கும் முதல் சரிவுதான் கடினம். கயிற்றை இரட்டையாகப் போட்டால் 50 மீட்டர் 25 ஆகிவிடும், ஆகவே இரண்டு கயிற்றை முடிந்து போடுங்கள். முனைகளில் முடிச்சு இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. கடைசி ஆள் எந்த நங்கூரத்தில் (கயிற்றைத் தாங்கும் பிடிப்பு) இறங்குவது என்பதை மேலேயே தீர்மானிக்க வேண்டும். வெறும் ஐஸ் என்றால் 22 செ.மீ. ஸ்க்ரூவால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு துளை, உள்ளே ஒன்றையொன்று தொடும்படி சாய்த்துத் துளைத்து, 7 மி.மீ. கயிறு கோத்துக் கட்டுவது. கட்டியதும் பக்கத்தில் ஸ்க்ரூ ஒன்றைத் துணைக்கு வைத்து, கனமான ஆட்களை முதலில் இறக்கிப் பாருங்கள். தாங்கினால் துணையைக் கழற்றிக்கொண்டு எடை குறைந்தவர் கடைசியாக வரலாம். கெட்டிப்பனி என்றால் குதிரை லாட வடிவில் பள்ளம் வெட்டி அந்தத் திட்டையே நங்கூரமாக்குவது. இறுகிய பனிக்கு ஒரு மீட்டர் அகலம் போதும், பொலபொலப்பான பனிக்கு மூன்று மீட்டர் வேண்டும்.

———

ஒன்றைச் சேர்க்கிறேன். சுமைதூக்குபவர்களுக்கும் ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை), க்ராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்), கறுப்புக் கண்ணாடி வாங்கியிருக்கிறீர்களா என்று கங்கோத்ரியிலேயே பைகளைத் திறந்து எண்ணுங்கள். அவர்கள் ரப்பர் ஷூவோடு அந்தச் சரிவில் நிற்பதைவிட வெட்கக்கேடு வேறில்லை. கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் பனியில் நடந்தால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல வலித்து, மறுநாள் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது.

———

இறங்கிய பிறகும் கத்லிங் விடாது. கீழ்ப்பகுதி முழுக்க ஐஸ் மேல் கிடக்கும் பாறைக்குவியல், வீடளவு கல்லும் மிதித்தால் அசையும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான், ஆபத்து முடிந்தது என்று வேகம் எடுக்கும் மதியத்தில். பக்கவாட்டு மொரைன் (பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்) மேட்டின் விளிம்பில் நடக்காதீர்கள், பனியாறு தாழ்ந்துபோனதால் விளிம்பு கீழே தாங்கல் இல்லாமல் நிற்கும். இங்கிருந்து சிலர் மயாலி கணவாய் வழியாக வாசுகி தால் ஏரி, கேதார்நாத் என்று திரும்புவார்கள். உணவு நாலு நாளுக்கு மேல் மிச்சம் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

கங்கோத்ரியை விட்டு ஏறினால் கைபேசி வேலை செய்யாது. உரிமம் இல்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் சட்டவிரோதம், வெளிநாட்டில் வாங்கியதைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆகவே உத்தரகாசியில் ஒருவரிடம் பெயர்ப் பட்டியல், வழி, குட்டு வந்துசேரும் தேதி, அதற்கு மேல் எத்தனை நாள் பொறுத்துத் தேடச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குட்டுவில் இறங்கியதும் டீ குடிப்பதற்கு முன் அவருக்குப் போன் செய்யுங்கள்.