வித்யா வளைகாப்பு: லிங்க் எங்கப்பா?

மாலா அத்தை: ஞாயிறு காலை 9.30 தானே? இங்க சிங்கப்பூர்ல 12. ஜூம் போடுங்கப்பா

கார்த்தி: மேல பாருங்க அத்தை, கூகுள் மீட் லிங்க் போட்டிருக்கேன்

மாலா அத்தை: அதான் ஜூமைத் திறந்து அந்த எழுத்தையெல்லாம் போட்டேன். உள்ளயே விடமாட்டேங்குது

கார்த்தி: விடாது அத்தை. ஜூம் கேக்குறது நம்பர். மீட்டோட கோடு 10 எழுத்து, அதுல நம்பரே கிடையாது. ஆப்பைத் திறக்கவே வேண்டாம், லிங்க் மேல ஒரு தட்டு தட்டுங்க

பாபு சித்தப்பா: நம்ம வீட்ல மூஞ்சி தெரிஞ்சா எல்லாம் ஜூம்தான்

சேகர் பெரியப்பா: இதுல ஒரு விஷயம் இருக்கு. 'கூகுள் பண்ணு'ங்கிறது 2006லயே ஆக்ஸ்போர்டு அகராதியில ஏறிடுச்சு. ஆனா பேரு இப்படிப் பொதுவாயிட்டா கம்பெனிக்கு ஆபத்து. எஸ்கலேட்டர்ங்கிறது ஓட்டிஸ் கம்பெனியோட டிரேட்மார்க். 1950ல அமெரிக்காவுல அந்த உரிமை போச்சு. கூகுள் மேலயும் கேஸ் போட்டாங்க. ஜனங்க வினைச்சொல்லா பேசுறாங்கங்கிறதுக்காக மட்டும் பேரு போயிடாதுன்னு 2017ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. ஜெராக்ஸ்காரங்க விளம்பரமே

பாபு சித்தப்பா: அண்ணா, ஜெராக்ஸ்னதும் ஞாபகம் வருது. சமையல்காரர் லிஸ்ட் ரெண்டு காப்பி எடுக்கச் சொன்னேனே?

சேகர் பெரியப்பா: கடை மூடிட்டான்

அம்மா: பந்திக்கு எத்தனை பேர்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல

மாலா அத்தை: ஏன்டா ஜூமே போட்டா என்ன?

கார்த்தி: ஓசி கணக்குல ஜூம் 40 நிமிஷம்தான் அத்தை. மீட்ல 3 பேர் சேர்ந்தாலே 60 நிமிஷம்னு கணக்கு. நமக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அதான் ரெண்டு லிங்க். முதல் லிங்க் முடியப்போகுதுன்னு வரும்போதே ரெண்டாவதுக்கு வந்துடுங்க

மாலா அத்தை: பிரியா கல்யாணத்துக்கு எனக்கு ஒரு லிங்க்கூட வரல

சேகர் பெரியப்பா: அத இப்ப எதுக்கு மாலா

பிரியா நியூஜெர்சி: அத்தை 🙏 கார்த்தி, இங்க நடுராத்திரி 12டா. யூடியூப்ல போட்டுடு, எந்திரிச்சுப் பாத்துக்கறேன்

கார்த்தி: லைவாக்கா, இல்ல வீடியோவா? போன்ல லைவ் போகணும்னா 50 சப்ஸ்கிரைபர் வேணும். முதல் தடவை ஆன் பண்ணா 24 மணி நேரம்கூட இழுக்கும். ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு ஓடுச்சுன்னா காப்பிரைட்ல லைவையே நிறுத்திடலாம்

பாபு சித்தப்பா: பாட்டு இல்லாம வளைகாப்பா

பிரியா நியூஜெர்சி: வீடியோ போதும்டா

கார்த்தி: அப்ப இங்கயே போடுறேன், ஆனா டாக்குமென்டா. வீடியோவா அனுப்பினா வாட்ஸப் சுருக்கிடும், கை நிறைய வளையல் ஒரே சிவப்புத் தீத்தலாத் தெரியும். டாக்குமென்ட்னா 2 ஜிபி வரைக்கும் அப்படியே வரும்

பாபு சித்தப்பா: போனை யாரு பிடிக்கிறது?

சேகர் பெரியப்பா: நான் பிடிக்கிறேன்

மாலா அத்தை: ஐயோ அண்ணா வேண்டாம். பாதி நேரம் உங்க விரல்தான் தெரியும்

சேகர் பெரியப்பா: ஸ்டாண்ட் வாங்கிக்கலாம்

அம்மா: கார்த்தி, வளையல்காரர் கூப்பிட்டார். 2.4 சைஸ் ஆறு டஜன்தான் இருக்காம், 2.6 நாளைக்குத்தானாம். பந்தி 80ன்னு சொல்லிடவா?

பாபு சித்தப்பா: 100 சொல்லுங்க அண்ணி

சேகர் பெரியப்பா: 80 போதும்