யாழினியின் 35

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்
வியாழன் இரவு

கவிதா: செல்வி அத்தை, இருக்கிறீர்களா? யாழினி 52-ல் 27 போனால் 35 என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஏழு கணக்கும் தப்பு. நானும் கத்திவிட்டேன். அழுதுகொண்டே தூங்கிப் போனாள்.

முரளி சித்தப்பா: மூன்றாம் வகுப்புதானே? டியூஷனில் சேர்த்துவிடு. தினமும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

செல்வி அத்தை: இப்போதுதான் சாப்பிட்டு முடித்தேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடு கவிதா.

கவிதா: [படம்]

செல்வி அத்தை: நன்றாகப் பார். 7-ல் 2 போனால் 5. 5-ல் 2 போனால் 3. ஏழு கணக்கிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். ஒன்றில்கூடக் கை தவறவில்லை. சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று முதல் வகுப்பில் டீச்சர்கள் நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை அதை அப்படியே நம்பியிருக்கிறாள். வாய்ப்பாடு சொன்னால் இது சரியாகாது முரளி.

கவிதா: எப்படிச் செய்தாய் என்று அவளிடம் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை அத்தை.

செல்வி அத்தை: நாளைக்குக் கேள். அப்புறம் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொள். ஐந்து கட்டு, உதிரி இரண்டு. இதிலிருந்து 27 எடுத்துக் கொடு என்று சொல். இரண்டு கட்டை உடனே கொடுத்துவிடுவாள். இன்னும் ஏழு குச்சி வேண்டும், கையில் உதிரி இரண்டுதான். அந்த இடத்தில் நீ வாயைத் திறக்காதே. அவளாகவே ஒரு கட்டை அவிழ்க்கட்டும்.

செல்வி அத்தை: 'கடன் வாங்கு' என்றும் சொல்லாதே. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் திருப்பித் தருவதில்லை. பாடப்புத்தகத்தில் 'இனமாற்றம்' என்று இருக்கும். ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவுதான்.

பிரபு: பி.எட்.டில் இதைப் படித்தோம் பெரியம்மா. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக, அதாவது நாடு முழுக்கப் பள்ளிப் பாடங்களுக்கான வழிகாட்டிக்காக, கணிதத்துக்கென்று ஒரு குழு போட்டார்கள். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. ராமானுஜம்தான் தலைவர். பிள்ளைகளின் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான் முதல் பிரச்சினையாக எழுதினார்கள். இருக்கிற பாடத்திட்டம் கணக்கு வராத பிள்ளைக்கு மட்டுமல்ல, நன்றாக வருகிற பிள்ளைக்கும் ஏமாற்றத்தைத்தான் தருகிறது என்றும் சொன்னார்கள்.

முரளி சித்தப்பா: எல்லாம் சரி அக்கா. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய் எப்படிச் செய்தாய் என்று கேட்க முடியுமா?

செல்வி அத்தை: கஷ்டம்தான், மறுக்கமாட்டேன். 2022-ல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தோம். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபின் வந்த பிள்ளைகளுக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால் நிலை பிரிப்பது பாதி வேலைதான். என் வகுப்பில் ஒருவன் தொண்ணூற்றிரண்டு என்றால் 102 என்று எழுதுவான். பல நாள் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கேட்டதும், "நூறுன்னுதானே டீச்சர் சொன்னீங்க" என்றான். இருபது, முப்பது, எண்பது என்று வந்துவிட்டுத் தொண்ணூறு என்கிறோமே, அவன் காதில் நூறுதான் விழுந்திருக்கிறது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தாத்தா: பி.கே. ஸ்ரீனிவாசன் என்று ஒருவர் இருந்தார். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணித மேதை ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்து 1968-ல் புத்தகமாக்கியவர். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்ததும் அவர்தான். காலண்டரை வைத்தே பிள்ளைகளுக்கு எண் விளையாட்டு எழுதினார். மாதக் காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றிக் கட்டம் போடச் சொல் கவிதா. நடுவில் உள்ள எண்ணை ஒன்பதால் பெருக்கினால் மொத்தக் கூட்டுத்தொகை வந்துவிடும். ஏன் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும்.

முரளி சித்தப்பா: இப்போதுதான் போட்டுப் பார்த்தேன் அப்பா. வருகிறது! இத்தனை வயதில் இதை யாரும் எனக்குக் காட்டவில்லை.

வெள்ளி மாலை

கவிதா: அத்தை, ஈர்க்குச்சி கிடைக்கவில்லை, தீக்குச்சியில் செய்தோம். ரப்பர் பேண்டைக் கழற்றலாமா என்று அவளே கேட்டாள். கழற்றி, ஏழை எண்ணிக் கொடுத்து, 25 என்றாள். நேற்றைய ஏழு கணக்கையும் திரும்பப் போட்டாள். ஆறு சரி.

செல்வி அத்தை: கண்ணு! அந்த ஏழாவது எது?

கவிதா: 300-ல் 148. உதிரியும் இல்லை, பத்துக் கட்டும் இல்லை, எதை அவிழ்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வி அத்தை: சொல்லாதே. பத்துப் பத்துக்கட்டாகச் சேர்த்து மூன்று பெரிய கட்டு கட்டி எடுத்து வருகிறேன். ஞாயிறு காலை வந்துவிடுவேன்.