ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஓர் ஆவணப்படம்: இருக்கும் பணத்தை எதில் செலவிடுவது?

தேவகோட்டை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் உள்ள ஆத்தங்குடிப் பட்டறைகளில் கையால் தரைக்கல் வார்ப்பவர்களைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுக்க எண்ணியிருக்கிறேன். கையில் இருப்பவை ஒரு நல்ல கைப்பேசி, தோழி இரவலாகத் தரும் பழைய கேமரா, எழுபதாயிரம் ரூபாய் சேமிப்பு ஆகியவைதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளின் பழைய தரைகள், பர்மாத் தேக்குத் தூண்கள், கடல் கடந்து வணிகம் நடத்திய காலம் என எல்லாவற்றையும் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. புதிய கேமரா வாங்குவதா, ட்ரோனை வாடகைக்கு எடுப்பதா, வீடுகளுக்குள் படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மதுரை ஒலிப்பதிவாளர்:
கேமராவும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம் அம்மா. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் மைக் ஒன்றும் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் முதலில் வாங்குங்கள். செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான பகுதியில், கல் தூண், வழவழப்பான தரை, உயர்ந்த கூரை எல்லாம் சேர்ந்து குரலை எதிரொலிக்கச் செய்யும் என்பதால், பேட்டியை இரண்டாம் கட்டில் உள்ள சிறிய அறையில், தரையில் ஜமுக்காளம் விரித்து எடுப்பது நல்லது. மார்கழியிலும் ஆடியிலும் கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே தொடங்கிவிடும். தேதி குறிக்கும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்துக்கொண்டால் குழல்விளக்கு வெளிச்சம் திரையில் துடிக்காது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 45 ஜிபி இடம் வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அன்றன்றைய காட்சியை அன்றிரவே இரண்டிலும் ஏற்றிவிட வேண்டும். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

கண்டனூரான்:
வீட்டு அனுமதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே ஒரு வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. பங்காளிகள் பலருக்கு உரிமை இருக்கும். ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சாவி வைத்திருக்கும் காவல்காரர் கதவைத் திறந்துவிடுவதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறுப்பாக இருக்கும் பங்காளியைக் கண்டு, எந்தப் பகுதியைப் படமெடுப்பீர்கள், எங்கே காட்டுவீர்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வீட்டில் கல்யாணமோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்போ நடக்கும் சமயத்தில் பங்காளிகள் ஒரே இடத்தில் கூடுவார்கள். பெரியவர்களிடம் நேரில் பேச அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. சாமி அறைக்குள் கேமராவைக் கொண்டு போகாதீர்கள்.

படத்தொகுப்பாளர்:
இருபது நிமிடத்தில் பர்மாவும் தேக்கும் தரையும் அடங்காது. ஒரு பட்டறை, ஒரு தொழிலாளி, ஒரு கல் என்று சுருக்குங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அவர் நேராக மேலே தூக்கும் அந்தக் கணத்தில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதை அருகிலிருந்து எடுத்தால், அதற்கு விளக்கவுரையே தேவைப்படாது. பிறகு உலர்ந்த சிமெண்ட் கலவையைத் தூவுவது, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்வது, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது, கண்ணாடி விலகியதும் பளபளப்பு வெளிப்படுவது என்று அந்த வேலையே படத்துக்கு வரிசை அமைத்துத் தருகிறது. முதல் சில நாட்கள் கேமராவை எடுக்காமல் அவரோடு உட்கார்ந்திருங்கள். அவர் கல் கணக்கில் கூலி வாங்குபவராக இருந்தால், உங்களால் குறையும் கல்லுக்கான பணத்தை நீங்களே கொடுத்துவிட வேண்டும். இதைச் செலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் பல நாடுகளுக்குச் சென்று காட்சிகளைத் திரட்டி, 1940இல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். அத்தனை அலைச்சலும் ஒரே மனிதரைப் பற்றிய படத்துக்காகத்தான் என்பதை உங்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

தேவகோட்டை வாசகி:
மிக்க நன்றி. ஒரு பட்டறையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆயினும், அந்தக் கல் போய்ச் சேரும் வீட்டைக் காட்டாமல் விடவும் மனம் வரவில்லை. படத்தை முடித்ததும் யூடியூபில் ஏற்றிவிடலாமா?

படத்தொகுப்பாளர்:
வீடு ஒன்றே ஒன்று வரட்டும். பழைய தரையில் அந்தத் தொழிலாளியையே நடக்கவிட்டு, அவர் அதைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். யூடியூபில் ஏற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழா திருவனந்தபுரத்தில் நடக்கிறது. 1990இல் தொடங்கிய மும்பை ஆவணப்பட விழா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. இரண்டின் விதிகளையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டு எதையும் பின்னணியில் சேர்க்காதீர்கள். உரிமை வாங்கும் செலவு உங்கள் மொத்தப் பணத்தையும் தாண்டிவிடும்.