சான் அகுஸ்தீன் சிலைகள் யாருக்குக் காவல்?

கேள்வி: கொலம்பியாவின் சான் அகுஸ்தீன் கற்சிலைகளின் படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. நடுவில் பெரிய உருவம், இருபுறமும் ஆயுதத்தோடு வீரர்கள், அவர்கள் தலைக்கு மேல் விலங்கு போல இன்னோர் உருவம். இவர்கள் கோயில் வாயிற்காவலர்களா? ஏன் இத்தனை முகங்களில் கோரைப்பல்?

பதில்: கோயில் இல்லை, கல்லறை. பெரிய மனிதர்களைப் பலகைக்கல் அறைகளில் புதைத்து, மேலே மண்மேடு எழுப்பி, முன்னால் இந்தச் சிலைகளை நிறுத்தினார்கள், அதாவது காவல் இறந்தவருக்கு. பெரும்பாலானவை கி.பி. 1 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை எரிமலைக் கல்லில் செதுக்கியவை. கோரைப்பல்லைச் சிறுத்தை போன்ற ஜாகுவாரோடு சேர்த்துப் பார்ப்பவர்களே அதிகம், ஆனால் செதுக்கியவர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை, அதனால் அது ஊகம்தான்.

பதில்: அப்புறம், எல்லாம் வெறும் சாம்பல் நிறக் கல் என்று நினைக்க வேண்டாம். அதே பகுதியில் எல் புருதால் என்ற இடத்திலுள்ள சிலைகளில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இன்னும் இருக்கின்றன. அதைப் பார்த்தால் மற்றவையும் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றும்.

பதில்: 1913-14இல் அங்கே அகழ்ந்த ஜெர்மானியர் பிரொய்ஸ் பல சிலைகளைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். கொலம்பியர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். கல்லறைக் காவலைப் பெயர்த்தது தவறு, கொடுத்துவிட வேண்டும்.